கப்பலுக்கு ஒரு நீதி, லாரிக்கு ஒரு நீதியா?

கோடை விடுமுறைக்கான முன்பதிவு நடக்கும் மாதங்களில் சேலம், நாமக்கல் நகரங்களின் பயண முகவர் அலுவலகங்களுக்குச் சென்றால், கடலே இல்லாத இந்தச் சமவெளியில் கப்பலைப் பற்றிய பேச்சைக் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியச் சுற்றுலாவோடு சேர்த்து இரண்டு மூன்று இரவுகளைச் சொகுசுக் கப்பலில் கழிப்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய ஆசையாகிவிட்டது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த பிறகு அந்த ஆசைக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கிடைத்தது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், ரிக் வண்டித் தொழிலில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் கப்பல் பயணம் பற்றி விசாரிக்கிறார்கள்.

அறையின் சன்னல் கடலைப் பார்க்குமா, சைவ உணவு கிடைக்குமா என்பவையே பெரும்பாலும் அவர்கள் கேட்கும் கேள்விகள். நடுக்கடலில் நெஞ்சு வலித்தால் என்ன ஆகும், அந்தச் செலவு யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கான விடையைத் தேடினால், கப்பலைப் பற்றி மட்டுமல்லாமல் நாமக்கல்லின் நெடுஞ்சாலைகளைப் பற்றியும் சில உண்மைகள் தெரியவருகின்றன.

கடலில் யார் பொறுப்பு?

நூறு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ ஏற்றிக்கொண்டு, மூன்று நாள்களுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணங்களில் வழக்கமாக ஈடுபடும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால், கப்பலின் மருத்துவ அறை முழு மருத்துவமனை ஆகிவிடாது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவரின் நிலையைத் தக்கவைத்து, அடுத்த துறைமுகத்தில் கரைசேர்ப்பதுதான் அங்கே பொதுவாகச் செய்ய முடிவது. மருத்துவரைப் பார்த்த கட்டணம், மருந்து, பரிசோதனை ஆகியவை பயணியின் கணக்கில் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்திலேயே சேரும். கரையில் இறக்கிவிடப்பட்ட பிறகு, அந்நாட்டு மருத்துவமனை கேட்கும் முன்பணம், உடன் வந்தவரின் தங்குமிடம், ஊர் திரும்பும் விமானக் கட்டணம் ஆகியவையும் குடும்பத்தின் தலையில் விழும்.

நம் வீடுகளில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருபவை. எனவே, கப்பல் ஏறுபவர் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். அதில் கப்பல் பயணம் அடங்குமா, கப்பலிலிருந்து நோயாளியை வெளியேற்றிக் கரைசேர்க்கும் செலவு உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேலும் ஒரு வாரத்துக்குக் கையில் வைத்திருப்பது நல்லது. இவற்றைச் செய்துவிட்டால் பயணி ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். காசு கொடுத்து உல்லாசம் போகிறவர் தன் செலவைத் தானே ஏற்பது நியாயமும்கூட.

ஆனால், அதே கப்பலில் அறை துடைப்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் இயந்திர அறையில் நிற்பவருக்கும் விதி வேறு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் கரோனா தொற்றுடன் முடங்கிக் கிடந்த ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலை நாம் மறந்திருக்க மாட்டோம். அதில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் கப்பல் ஊழியர்கள். தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊழியர்களின் உரிமைகளுக்காகத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2013 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. 2015இல் இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது.

அந்த உடன்படிக்கை சொல்வதன் சாரம் எளிமையானது. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஊர் திரும்பும் நாள் வரை கப்பல் ஊழியருக்கு நோய் வந்தாலும் காயம் பட்டாலும் சிகிச்சை, மருந்து, வீட்டுக்கு வெளியே தங்கும் செலவு ஆகியவை கப்பல் உரிமையாளருடையவை. நாட்டுச் சட்டங்கள் இதற்குக் கால வரம்பு வைக்கலாம். ஆனால், அது 16 வாரங்களுக்குக் குறையக் கூடாது. ஊழியர் இறந்துவிட்டால் அடக்கச் செலவும் உரிமையாளரைச் சேரும். நோயுற்றவர் கப்பலில் விட்டுச்சென்ற உடைமைகளைப் பாதுகாத்து ஒப்படைக்க வேண்டும் என்றுகூட ஒரு பிரிவு இருக்கிறது. வந்தது விபத்தா, வியாதியா என்ற கேள்வியே முதலில் எழுவதில்லை. பணிக்காலத்தில் நோயுற்றார் என்பதே போதுமானது.

இது புதிய கருணையும் இல்லை. பிரான்சின் மேற்குக் கடலோரத் தீவான ஓலெரோனின் பெயரால் அறியப்படும் இடைக்காலக் கடல் சட்டங்களிலேயே இதன் வேர் இருக்கிறது. நோயுற்ற மாலுமியைக் கரையில் ஒரு வீட்டில் சேர்த்து, இரவில் விளக்குக்கும் கப்பலில் கிடைக்கும் உணவுக்கும் வழிசெய்து, கவனித்துக்கொள்ள ஓர் ஆளையும் விட்டுச்செல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கப்பல் தலைவருக்கு ஆணையிட்டது. கப்பல் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், அவரை அநாதையாக விட்டுச்செல்ல முடியாது.

சமவெளியின் கப்பல்கள்

நாமக்கல்லுக்குக் கடல் இல்லை. ஆனால், வீட்டை விட்டு வாரக்கணக்கில் பிரிந்து தொலைதூரம் செல்லும் தொழில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் ஊடுருவிச் செல்கிறது. பாடி கட்டும் பட்டறைகள், டயர் கடைகள், நிதி நிறுவனங்கள், லாரி புக்கிங் அலுவலகங்கள் என்று ஊர்ப் பொருளாதாரமே இந்தச் சாலையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. சமையல் எரிவாயு கொண்டுசெல்லும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கம் நாமக்கல்லை மையமாகக் கொண்டது. சங்ககிரியிலிருந்து சரக்கு லாரிகள் வட மாநிலங்களுக்குப் போகின்றன. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று பல மாதங்கள் தங்கிவிடுகின்றன.

இந்த வண்டிகளில் செல்பவரின் உடல்நிலையை எண்ணிப் பாருங்கள். பல மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கிறார். இரவில் ஓட்டிப் பகலில் அரைகுறையாகத் தூங்குகிறார். நேரம் தவறிய உணவு, இஞ்சினின் வெக்கை, சுமை ஏற்றி இறக்கும் இடங்களில் காத்திருப்பு, கழிப்பறை இல்லாத நிறுத்தங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் ஆக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளுக்கு அது பொருந்தாது. நாற்பதைத் தாண்டிய ஓட்டுநர்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தேடி அலைய வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாக்பூரைத் தாண்டிச் செல்லும்போது விடியற்காலையில் நெஞ்சு இறுகியது. உடன் வந்த கிளீனருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. குறித்த நேரத்தில் இறக்க வேண்டிய லோடு. நடுவழியில் நிறுத்தினால் தார்ப்பாயை அறுத்துவிடுவார்களோ என்ற பயம். வலியோடு மேலும் ஒரு மணி நேரம் ஓட்டி, தமிழ்நாட்டு லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடை வந்த பிறகுதான் இறங்கினார். அங்கிருந்த நம் ஊர் ஓட்டுநர்கள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வலி எங்கே, எப்போதிருந்து என்று மருத்துவர் கேட்டதை இந்தி தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தார். முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் உரிமையாளர், அதற்கே தவணை கட்டிக்கொண்டிருப்பவர், இரவோடு இரவாகக் கைமாற்று வாங்கி அனுப்பினார். மீதிக்கு ஓட்டுநரின் மனைவி நகையை அடகு வைத்தார். லாரி ஒரு வாரம் அங்கேயே நின்றது. ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார், ஆனால், மீண்டும் கனரக வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. அவருக்கும் உரிமையாளருக்கும் இடையே அந்தக் கடன் இன்னும் பேசித் தீராத கணக்காகவே இருக்கிறது.

இதில் குற்றவாளி என்று யாரைச் சொல்வது? மருத்துவமனை தன் வழக்கப்படி நடந்தது. உரிமையாளர் தன்னால் இயன்றதைச் செய்தார். இல்லாதது, அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் ஏற்பாடு மட்டும்தான்.

விபத்துக்கு உண்டு, வியாதிக்கு இல்லை

சாலை விபத்தில் சிக்குபவருக்கு நிலைமை மாறியிருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயமடைபவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. பிகாரிலிருந்து வந்த ஓட்டுநர் தொப்பூர் கணவாயில் விபத்துக்குள்ளானால், அவருடைய குடும்பம் பணம் கொண்டுவரும் வரை சிகிச்சை காத்திருக்காது.

தேசிய அளவில், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 162ஆவது பிரிவு, விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை தருவதற்கான திட்டத்தை வகுக்கும் கடமையை மத்திய அரசுக்கு விதித்தது. திட்டம் வராமல் ஆண்டுகள் ஓடின. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு விதித்தது. அதன் பிறகே, மே 5 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் எவராயினும் ஏழு நாள்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை பெறலாம்.

இவை அனைத்தும் விபத்துக்கானவை. ஆண்டுக்கு ரூ.20 கட்டும் பிரதமரின் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டமும் விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்குமே ரூ.2 லட்சம் வரை தருகிறது. லாரியின் காப்பீட்டில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்காக ஆளொருவருக்கு ரூ.50 கூடுதலாகக் கட்டுகிறார்களே, அதுவும் வேலையில் ஏற்படும் காயத்துக்கோ மரணத்துக்கோ உரிமையாளர் தர வேண்டிய இழப்பீட்டைப் பற்றியதுதான். லாரி மரத்தில் மோதினால் வழி இருக்கிறது. மோதிவிடக் கூடாதென்று வலியைத் தாங்கிக்கொண்டு ஓரங்கட்டி நிறுத்தியவருக்கு வழி இல்லை.

மாரடைப்பு வேலையால் வந்ததா என்ற கேள்வி நீதிமன்றங்களையே அலைக்கழித்திருக்கிறது. வண்டியில் இருந்த கிளீனர் ஒருவர் மாரடைப்பால் இறந்த வழக்கில், வேலையின் அழுத்தத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச்சென்ற லாரி ஓட்டுநர் ஒருவர், உடல்நிலை சரியில்லை என்று வண்டியை ஓரம் நிறுத்தி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தார். நெடுந்தூரம் ஓட்டியதன் அழுத்தம் மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று ஏற்று, 2012 டிசம்பரில் அதே நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால், அவர் இறந்தது 2002இல். பத்தாண்டுகள் வழக்கு நடத்தும் வலு எத்தனை ஓட்டுநர் குடும்பங்களுக்கு இருக்கிறது?

சரி, பொதுவான மருத்துவக் காப்பீடுகள் உதவாதா? தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ, பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கானது. மாத ஊதிய உச்சவரம்பு ரூ.21,000. ஓரிரு லாரிகள் வைத்திருப்பவரின் ஓட்டுநருக்கு அந்த வாசல் திறப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்புத் தருகிறது; சேலத்திலும் நாமக்கல்லிலும் அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால், அதற்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.1.2 லட்சம். வருமானம் கொஞ்சம் கூடினால் வெளியே. இல்லாவிட்டாலும், எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறும் வசதி மத்திய அரசின் ‘ஆயுஷ்மான் பாரத்’ பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கானது. வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் செல்லுபடியாகும் அட்டை, ஆயிரம் கிலோமீட்டரில் செல்லுபடியாகுமா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் நேரம் அவருக்கு ஆம்புலன்சில்தான் வாய்க்கிறது.

சிறு உரிமையாளரால் முடியுமா?

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை ஒற்றை லாரிக்காரர் மீது சுமத்துவது எப்படி நியாயம் என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. நம் பகுதியில் லாரி உரிமையாளர்களில் பலர் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்கள். டீசல், டயர், சுங்கக் கட்டணம், வரி, தவணை எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. ஒரு பெரிய மருத்துவமனை ரசீது, ஓட்டுநர் குடும்பத்தோடு உரிமையாளர் குடும்பத்தையும் சேர்த்தே கவிழ்த்துவிடும். சட்டத்தில் பொறுப்பை மட்டும் எழுதிவைத்தால், தட்டிக்கழிக்கும் வழியையே அவர் தேடுவார்.

ஆனால், கப்பல் உரிமையாளர்களும் இந்தச் சுமையைத் தனித்தனியாகச் சுமக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், 1855 முதல், பிரிட்டன் கப்பல் உரிமையாளர்கள் தங்களுக்குள் பரஸ்பரப் பாதுகாப்புச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தம் கப்பலின் அளவுக்கேற்பப் பணம் போடுவார்கள். யாருடைய கப்பலுக்கு நட்டம் வந்தாலும் பொது நிதி தாங்கும். அந்த மரபில் வந்த சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்புதான் இன்று உலகக் கடல் வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. மாலுமியின் மருத்துவச் செலவையும் அதுவே ஏற்கிறது.

இந்த முறை நாமக்கல்லுக்கு அந்நியமானதா? சீட்டுப் பிடித்து லாரி வாங்கிய ஊர் இது. உறவுக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் பணம் திரட்டி நிதி நிறுவனம் தொடங்கிய ஊர். ஆயிரக்கணக்கான பண்ணைகளை ஒரே முட்டை விலையின் கீழ் சேர்த்துவைத்திருக்கும் ஊர். வேலைநிறுத்தம் என்றால் ஒரே நாளில் வண்டிகளை நிறுத்தும் ஒற்றுமை லாரிச் சங்கங்களுக்கு உண்டு. வாடகை உயர்வுக்காகக் கூடும் அதே கைகளால் ஒரு மருத்துவ நிதியைக் கட்ட முடியாதென்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, காப்பீட்டை ஆளோடு பிணைக்காமல் வண்டியோடு பிணைக்க வேண்டும். ஓட்டுநர்கள் அடிக்கடி உரிமையாளரை மாற்றுபவர்கள். பெயர் பெயராகப் பதிவுசெய்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். கப்பலில் யார் பணியில் இருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்பதைப் போல, அந்த லாரியில் அன்று யார் செல்கிறாரோ அவருக்கும் கிளீனருக்கும் அவசரச் சிகிச்சைப் பாதுகாப்பு இருக்க வேண்டும். தேசிய பெர்மிட்டுக்கு ஆண்டுதோறும் வாகனத்துக்கு ரூ.16,500 கட்டப்படுகிறது. அதோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து, நாடு முழுவதற்குமான பொது நிதியாக்கினால் விடுபடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கெல்லாம் பெர்மிட் செல்லுமோ அங்கெல்லாம் பாதுகாப்பும் செல்லும்.

இரண்டாவது, 2025இல் வந்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை, பணியில் இருக்கும் வணிக வாகன ஓட்டுநரின் மாரடைப்பு, பக்கவாதம், வெப்ப மயக்கம் ஆகியவற்றின் முதல் 48 மணி நேரத்துக்கேனும் விரிவாக்க வேண்டும். மருத்துவமனைப் பட்டியல், பணம் பட்டுவாடா செய்யும் முறை எல்லாம் அத்திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இது ஓட்டுநருக்குச் செய்யும் தயவு மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். எரிவாயு டேங்கரை நெஞ்சு வலியோடு ஒருவர் ஓட்டுகிறார் என்றால், அவருக்குப் பின்னால் பேருந்தில் வரும் நாற்பது பேருடைய உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. செலவுக்குப் பயந்து நிறுத்தாமல் ஓட்டுபவர், செலவு பற்றிய பயம் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

மூன்றாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. ஆனால், குழுவாக எடுக்கும் காப்பீட்டுக்கு 18 சதவீத வரி தொடர்கிறது. ஓட்டுநர்களுக்காகச் சங்கம் ஒன்று எடுக்கும் குழுக் காப்பீடும் பெரிய நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு எடுக்கும் காப்பீடும் ஒரே தராசில் நிறுக்கப்படுவது சரியில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான குழுக் காப்பீட்டுக்கு விலக்குக் கேட்டு நம் மக்களவை உறுப்பினர்கள் குரல் கொடுக்கலாம்.

நான்காவது, மாநில அரசின் பங்கு. ஓட்டுநர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவுசெய்தவர்களுக்கு வருமான வரம்பைத் தளர்த்தி முதலமைச்சரின் காப்பீட்டில் சேர்க்கலாம். வெளிமாநில மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சைக்கும் அது செல்லுபடியாக ஏற்பாடு செய்யலாம். தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. வெளிமாநிலங்களிலிருந்தும் அழைக்கக்கூடிய ஓர் எண்ணை அதோடு இணைத்து, ஓட்டுநர் தமிழில் சொல்வதை அங்குள்ள மருத்துவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வசதியை இரவும் பகலும் தந்தால், அதற்காகும் செலவு சொற்பம். காப்பாற்றப்படும் உயிர்கள் அதிகம்.

சட்டமும் திட்டமும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. வண்டியில் ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., காப்பீடு என்று காகிதங்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். அதே கோப்பில் ஓட்டுநரின் ரத்த வகை, இருக்கும் நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். காப்பீட்டு அட்டையின் நகலும், எந்த மாநிலத்திலும் அழைக்கக்கூடிய அவசர எண் 112, நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555 ஆகியவையும் அதில் இடம்பெறட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்காத ஓட்டுநரை நெடுந்தூரம் அனுப்புவதில்லை என்று உரிமையாளர்கள் முடிவெடுக்கலாம். வண்டிக்கு எஃப்.சி. பார்ப்பவர்கள் ஓட்டுபவருக்கும் பார்க்க வேண்டாமா? அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனைக்குக் காசும் இல்லை.

சங்கங்கள் இன்னொன்றும் செய்ய முடியும். ஓட்டுநர் வலியோடு ஓட்டுவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம், விட்டுச்செல்லும் லாரியும் லோடும்தான். மாலுமி விட்டுச்சென்ற பெட்டியைக்கூடப் பாதுகாக்கச் சொல்கிறது கடல் சட்டம். நாக்பூர், ஹைதராபாத், மும்பை, அகமதாபாத் போன்று நம் லாரிகள் அதிகம் செல்லும் இடங்களில் வண்டியைப் பொறுப்பேற்று நிறுத்தவும், மாற்று ஓட்டுநரை அனுப்பவும் ஒரு தொடர்பு ஆள் இருந்தால், “வண்டியை விட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ” என்று உரிமையாளரால் தைரியமாகச் சொல்ல முடியும். இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்காக, சக ஓட்டுநர்கள் சாலையோரத்தில் ஆளுக்கு நூறு, இருநூறு என்று வசூலிக்கும் நிலையும் மாறும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழி வேலை பெறுபவர்களுக்காக நிறுவனங்கள் தம் ஆண்டு வணிகத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை ஒதுக்க வேண்டும் என்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களின் மருத்துவப் பாதுகாப்புக்குத் திட்டங்கள் வகுக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தருகிறது. இருசக்கர வண்டியில் உணவு கொண்டுவருபவருக்காகச் சட்டம் யோசிக்கத் தொடங்கியிருப்பது நல்லது. அந்த உணவுக்கான அரிசியையும் பருப்பையும் எரிவாயுவையும் ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவருபவரைப் பற்றியும் அது யோசிக்க வேண்டிய நேரம் இதுவே. விதிகளும் திட்டங்களும் எழுதப்படும் இந்தக் காலத்தில் நாமக்கல், சேலம் லாரிச் சங்கங்கள் கோரிக்கை மனுவின் முதல் வரியில் சுங்கக் கட்டணத்தை எழுதட்டும். இரண்டாவது வரியிலாவது ஓட்டுநரின் உயிரை எழுத வேண்டும்.